கோசலையின் வோட்டு

யாராவது பெயர் கேட்டால் கோசலை முதலில் கேட்டவரின் கையைத்தான் பார்ப்பாள். கை வெறுமையாக இருந்தால் பெயரைச் சொல்லிவிடுவாள். கையில் பேனை இருந்தால் தொண்டையைச் செருமுவாள், ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிடுவாள், பிறகு "ஏன்?" என்று கேட்பாள். மருந்துக்கடை, தபால் கந்தோர், கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதும் மேசை, எங்கே போனாலும் இதுதான். அர்ச்சனைச் சீட்டு எழுதுகிற ஐயா ஒருமுறை, "என்ன பிள்ளை, கடவுளுக்கும் ஒளிக்கிற பேரோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கோசலை சிரிக்கவில்லை. நட்சத்திரத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள். பாரிசின் லா சப்பலில் அவளைத் தெரிந்தவர்கள் பல வருடமாக இதைப் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

அந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். வடமராட்சியில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள், பிறகு கிளிநொச்சியில் ஒரு புடைவைக் கடையில் மூன்று வருடம் துணி வெட்டிக் கொடுத்தாள். அந்தக் கடையை இயக்கம்தான் நடத்தியது என்பது ஊருக்கே தெரியும். 2009 இல் சண்டை முடிந்து, முட்கம்பிக்குள் இருந்த முகாமில் ஒரு வருடம் கிடந்து, அவள் அம்மாவிடம் திரும்பி வந்த மூன்றாம் மாதம் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் வாசலில் நின்றான். மற்றவன் கதிரையில் வசதியாக இருந்துகொண்டு ஒரு கொப்பியைத் திறந்து, "பெயர்?" என்றான். சொன்னாள். எழுதினான். அடுத்த மாதமும் அதே ஆள் வந்து, அதே கொப்பியில் வேறு பக்கத்தைத் திறந்து, முன்பு ஒருநாளும் காணாதவளைக் கேட்பதுபோல மறுபடியும் "பெயர்?" என்றான். பேனை தாளில் உரசிய சத்தம் அவளுக்கு இப்போதும் காதில் இருக்கிறது. கடைசித் தடவை, திங்கட்கிழமை அடையாள அட்டையோடு இராணுவ முகாமுக்கு வந்து கையெழுத்து வை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமையே கோசலை அந்த வீட்டில் இல்லை. ஐசி என்று சொல்லும் அடையாள அட்டையை வழியில் கொண்டுபோகக் கூடாது என்று வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் சொன்னதால் அதை அம்மாவின் அலுமாரிக்குள் வைத்துவிட்டு வெளிக்கிட்டாள். பல நாடுகளில் ஒளிந்து கிடந்து, 2011 மார்கழியில் பாரிசுக்கு வந்து சேர்ந்தாள்.

வந்தவளுக்கு லா கூர்னெவில் ஒரு குடும்பத்தின் வீட்டில் ஒரு சின்ன அறை கிடைத்தது. வேலை, லா சப்பலில் இராஜதுரை அண்ணையின் மரக்கறிக் கடையில். விமானத்தில் வரும் மரக்கறிப் பெட்டிகளை வியாழக்கிழமைகளில் நிலவறைக்குள் இறக்கிவிடுவார்கள். அங்கே குந்தியிருந்து கறிவேப்பிலையை நெட்டு நெட்டாகப் பிரித்து, பழுத்த இலையைக் கிள்ளி எறிந்து, சின்னப் பைகளில் போட்டு மேலே அனுப்புவாள். பேச்சு இல்லாத வேலை. அவளுக்கு அது பிடித்திருந்தது.

அகதி அலுவலகம் 2012 கார்த்திகையில் அவளுடைய வழக்கை மறுத்துவிட்டது. விசாரித்த அதிகாரி கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவள் பதில் சொல்ல நேரம் எடுத்திருந்தாள். "சொன்னவை தயக்கமாகவும் தெளிவற்றும் இருந்தன" என்று கடிதத்தில் எழுதியிருந்தது. பயத்தில் குரல் போவதற்கும் பொய் சொல்லத் தடுமாறுவதற்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதிவிட்டார்கள் என்று அவளுக்கு மனம் நொந்தது. ஆனால் அதையும் யாரிடமும் சொல்லவில்லை. மேல்முறையீடு மொன்றேயில், எங்கள் சனம் கொமிசன் என்று சொல்லும் நீதிமன்றத்தில். 2013 ஒக்டோபர் 11, வெள்ளிக்கிழமை என்று தவணை வந்தது. அங்கேயும் இல்லையென்றால் பிறகு போவதற்கு வேறு கதவு இல்லை.

அந்த வருடம் ஆவணி மாதம் முழுக்கக் கடையில் ஒரே கதை, வட மாகாண சபைத் தேர்தல். மாகாண சபைச் சட்டம் வந்து இருபத்தைந்து வருடமாக வடக்குக்கென்று நடக்காத தேர்தல் புரட்டாதி, அதாவது செப்டம்பர், 21 ஆம் தேதி நடக்கப்போகிறது. இராஜதுரை அண்ணைக்கு ஐம்பத்தாறு வயது. இலங்கையில் அவர் கடைசியாக வோட்டுப் போட்டது எப்போது என்று அவருக்கே நினைவில்லை. ஆனாலும் தானே வேட்பாளர் போல நடந்துகொண்டார்.

ஒரு வியாழக்கிழமை கோசலை கறிவேப்பிலைப் பைகளோடு படியேறி மேலே வந்தபோது, அவர் கல்லாவுக்கு முன்னால் வெண்டிக்காய்களைக் குவியல் குவியலாக அடுக்கி வைத்திருந்தார். எதிரே ரெஸ்டோரன்ட் ஒன்றில் குசினி வேலை செய்யும் தனோஜன் பச்சைமிளகாய்ப் பையோடு நின்றான்.

"இது பதினாறு, யாழ்ப்பாணம். இது நாலு, கிளிநொச்சி. முல்லைத்தீவு அஞ்சு, மன்னார் அஞ்சு, வவுனியா ஆறு. எத்தினை?"

"முப்பத்தாறு."

"கூட ரெண்டு." இராஜதுரை அண்ணை இரண்டு நீட்டு வெண்டிக்காயை மேலே வைத்தார். "இது போனஸ். ஆர் கூட எடுக்கினமோ அவைக்கு. முப்பத்தெட்டுப் பேர் சபையிலை இருப்பினம். முதல்லை கட்சிக்கு ஒரு புள்ளடி. பிறகு அந்தக் கட்சியிலை உனக்குப் பிடிச்ச மூண்டு பேரின்ரை நம்பருக்கு விருப்பு வாக்கு. விளங்குதோ?"

"விளங்குது அண்ணை. முத்தின வெண்டிக்காயும் உள்ளை போகும் எண்டும் விளங்குது."

"நக்கல் அடிக்காதை. ஒரு வோட்டும் வீணாகக் கூடாது எண்டு ஊருக்கு அடிச்சுச் சொல்லு. போன வருசத்து வாக்காளர் இடாப்புத்தான் கணக்கு. 2012. அதிலை பேர் இருக்கிறவை எல்லாரும் போட வேணும்."

"என்ரை பேரும் அதிலை கிடக்குதாம். அப்பா அதை வெட்டேல்லை. நான் இஞ்சை வெங்காயம் வெட்டுறன், அங்கை என்ரை பேர் வாழுது."

இராஜதுரை அண்ணை சிரித்தார். தனோஜனும் சிரித்தான். கோசலை வெண்டிக்காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் திருப்பிப் போட்டாள். பதினாறைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய கை நின்றது. 2012 என்ற இலக்கத்தை அவள் எங்கேயோ தாளில் பார்த்திருக்கிறாள்.

அன்று பின்னேரம் அம்மாவின் மிஸ்ட் கோல் வந்திருந்தது. அம்மா ஞானமலர் அவசரம் இல்லாமல் மிஸ்ட் கோல் அடிக்க மாட்டாள். கோசலை டெலிபோன் காட் அட்டையைச் சுரண்டி, நிலவறைப் படியில் இருந்துகொண்டு ஊருக்கு எடுத்தாள்.

"பிள்ளை, இடாப்பிலை உன்ரை பேர் வந்திருக்கடி. என்ரை பேர், அதுக்குக் கீழை உன்ரை பேர். மிருணாவின்ரை பேர் இல்லை."

மிருணாளினி கோசலையின் தங்கை. முல்லைத்தீவுப் பக்கம் கலியாணம் முடித்துப் போனவள், சண்டையில் புருசனைப் பறிகொடுத்துவிட்டு 2011 இல் அம்மாவிடம் வந்து சேர்ந்தாள். அவளுடைய பதிவு பழைய இடத்தில் இருக்கிறது என்று சொல்லி, கிராம அலுவலரான விதானையார் அவளைச் சேர்க்கவில்லை. பழைய இடத்தில் கேட்டால் அந்த வீடே இல்லை என்று சொன்னார்கள்.

"நான்தான் அங்கை இல்லையே அம்மா. ஏன் என்ரை பேரைக் குடுத்தனீங்கள்?"

"விதானையார் ஒவ்வொரு வருசமும் இடாப்புப் போம் கொண்டந்து தருவார். நான் நிரப்பிக் குடுப்பன். பேரை வெட்டுறது செத்துப்போனவைக்கு மோனை. உயிரோடை இருக்கிற பிள்ளையின்ரை பேரை என்ரை கையாலை வெட்டச் சொல்லுறியோ?"

அம்மா அதோடு விடாமல் தொடர்ந்தாள்.

"இப்ப அது நல்லதாப் போச்சு. வீட்டிலை இருக்கிறவளுக்கு வோட்டு இல்லை, பாரிசிலை இருக்கிறவளுக்கு இருக்கு. உன்ரை ஐசி அலுமாரிக்கை கிடக்கு. மிருணா உன்ரை சாயல்தானே. உன்ரை வோட்டை அவள் போட்டிட்டு வருவாள். ஒண்டும் வீணாகாது."

படியின் சீமெந்து குளிர்ந்து கிடந்தது. கோசலை எழும்பினாள். 2012 என்ற இலக்கத்தை எங்கே பார்த்தாள் என்று அப்போது நினைவுக்கு வந்துவிட்டது.

வழக்கு மறுக்கப்பட்ட பிறகு, ஊரிலிருந்து எடுக்கக்கூடிய கடிதம் எல்லாம் எடு என்று லா சப்பலில் எல்லோரும் சொன்னார்கள். அம்மா பிறப்புச் சான்றிதழையும் பள்ளிக்கூடக் கடிதத்தையும் விதானையாரின் கடிதம் ஒன்றையும் அனுப்பியிருந்தாள். விதானையாரின் கடிதத்தில் இரண்டு முத்திரை, ஒன்று வட்டம், ஒன்று நீளம். முத்திரை கூடின கடிதம் நல்ல கடிதம் என்றுதான் கோசலை நினைத்தாள். அவள் மட்டுமல்ல, அந்தத் தெருவில் வழக்கு வைத்திருந்த எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் ஊன்றி வாசிப்பதில்லை. தமிழில் இருந்ததை மொழிபெயர்ப்பாளர் பிரெஞ்சில் மாற்றி, தன் முத்திரையையும் குத்தி, சட்டத்தரணிக்கு அனுப்பி மாதக்கணக்காகிவிட்டது.

கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஜிஸ்லேன் அன்ரி இருந்தார். பாண்டிச்சேரிக்காரர், முப்பது வருடம் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு எடுத்தவர். வியாழக்கிழமைகளில் முருங்கையிலை வாங்க வருவார், கோசலைக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துச் சொல்வார். கோசலை வழக்குக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவருடைய கதவைத் தட்டினாள்.

ஜிஸ்லேன் அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரெஞ்சுப் பக்கத்தை ஒருமுறை வாசித்தார். பிறகு தமிழ்ப் பக்கத்தை எடுத்து, இன்னொருமுறை வாசித்தார்.

"என்னம்மா இது? இதை யாரு உன் கேஸ் தொசியேல வைக்கச் சொன்னது?"

"நான்தான் அன்ரி குடுத்தனான்."

"இங்க பாரு. 'மேற்படி நபர் எனது பிரிவில் நிரந்தரமாக வசிப்பவர், 2012 ஆம் ஆண்டு வாக்காளர் இடாப்பில் பதிவு செய்யப்பட்டவர்.' நீ ரெண்டாயிரத்துப் பதினொண்ணு டிசம்பர்லயே பாரிசுக்கு வந்துட்டேன்னு சொல்ற. அந்த ஆளு பன்னெண்டுல நீ அங்கதான் குடியிருக்கேன்னு முத்திரை குத்திக் கொடுத்திருக்கான். ரெண்டையும் நீயே கொண்டுபோய் ஜட்ஜுக்குக் கொடுத்திருக்க."

கோசலை கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஜிஸ்லேன் அன்ரி எழும்பிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"எங்க ஊர்ல, இங்க, ஒரு மெரில இருந்து, அதான் நகராட்சி, பேரை எடுத்துட்டு வேற மெரிக்கு மாத்தலாம். ஆள் எங்கயோ பேரும் அங்கயேதான். உங்க ஊர்ல பேர் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கமா?"

"எங்கடை சனம் முக்கால்வாசிப் பேரின்ரை பேர் இன்னும் அங்கைதான் அன்ரி."

"சரி. பயப்படாதே. நாளைக்கே உன் அவோக்காவைப் பார்க்கலாம். நான் வரேன்."

சட்டத்தரணி ஒரு இளம் பெண். அறையில் கோப்புகள் தரையிலும் கிடந்தன. ஜிஸ்லேன் அன்ரி சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர் பதிலாகச் சொன்னதை ஜிஸ்லேன் அன்ரி தமிழில் சொன்னார்.

"கடிதத்தை வெளியில எடுக்க முடியாதாம். போனது போனதுதான். ஆனா விளக்கம் சொல்லலாமாம். இடாப்பு எப்படித் தயாராகுது, யாரு போம் நிரப்புறாங்க, அதை நீ உள்ளபடி சொன்னா போதும்ங்கறாங்க."

கோசலை அம்மாவின் திட்டத்தையும் சொல்லச் சொன்னாள். அதைக் கேட்டதும் சட்டத்தரணி கையிலிருந்த பேனையை மேசையில் வைத்தார். பிறகு பிரெஞ்சில் நீளமாகச் சொன்னார்.

"என்ன சொல்லுறா அன்ரி?"

"பேர் இருக்கிறதை விளக்கலாம், அந்தப் பேர்ல வோட்டு விழுந்தா அதை விளக்க முடியாதுங்கறாங்க. இங்க இருந்து யாரும் போய்ப் பார்க்க மாட்டாங்களாம். ஆனா ஜட்ஜ் பேப்பர் படிக்கிறவங்க. தேர்தல் முடிஞ்சு மூணே வாரத்துல விசாரணை. கேட்டாலும் கேட்பாங்களாம். கேட்டா நீ என்ன சொல்லுவேன்னு கேக்கறாங்க."

கோசலை குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லும்போதே அவளுடைய குரல் போய்விடுகிறது. வோட்டு விழுந்த பிறகு விழவில்லை என்று எப்படிச் சொல்வாள்? ஆரம்பத்திலேயே முகம் காட்டிக்கொடுத்துவிடும். விழுந்தது என்று சொன்னால், இங்கே இருப்பது யார், அங்கே வோட்டுப் போட்டது யார் என்று கேட்பார்கள். அதற்குத் தங்கையைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

அன்றிலிருந்து ஒரு மாதம் அவளுடைய சம்பாத்தியம் டெலிபோன் காட்டுகளில் போனது. அம்மாவிடம் சொன்னாள். அம்மா கேட்டுவிட்டு, "பிரான்சுக்காரனுக்கு எங்கடை பள்ளிக்கூடத்துக்கை நடக்கிறது எப்பிடித் தெரியும்? சும்மா பயந்து சாகாதை" என்றாள். இரண்டாம் தடவை சொன்னாள். அம்மா, "இருபத்தஞ்சு வருசம் பொறுத்து வாற வோட்டு" என்றாள். மூன்றாம் தடவை தங்கை போனை வாங்கினாள்.

"அக்கா, எனக்கு இருபத்தெட்டு வயசு. ஒருக்காக்கூட வோட்டுப் போடேல்லை. எங்களிட்டை ஒண்டும் மிஞ்சேல்லை, இது ஒண்டுதான் எண்டு அம்மா சொல்லுறா. ஊரிலை இருக்கிற நான் ஆளில்லை, அங்கை இருக்கிற நீ ஆள். அப்ப அந்தப் பேரை எனக்கு ஒருநாளைக்குத் தந்தால் என்ன?"

"பிடிச்சால் உன்னை மறியலிலை போடுவாங்கள், மிருணா."

"உனக்கு உன்ரை விசாப் பயம். எனக்காகப் பயப்பிடுறன் எண்டு சொல்லாதை."

அது உண்மைதான். கோசலை மறுத்துப் பேசவில்லை. "ஓம். எனக்குப் பயம்தான்" என்றாள். "அங்கை திருப்பி அனுப்பினால் அந்தக் கொப்பிக்காரன் வருவான். நீயும் பாத்தனிதானே, கதிரையிலை இருந்தவனை."

 அதோடு டெலிபோன் காட்டில் காசு முடிந்து தொடர்பு அறுந்தது. தங்கை பதில் சொல்ல இருந்தாளா, சொல்லாமல் இருந்தாளா என்று அவளுக்குத் தெரியாது.

புரட்டாதி முதல் கிழமையில் வாக்காளர் அட்டை தபாலில் வந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். இரண்டு அட்டை. அதைக் கிழித்துப் போடுங்கள் என்று கோசலை கெஞ்சினாள். "அரசாங்கத்துக் கடுதாசியைக் கிழிக்கிறதோ?" என்று அம்மா கேட்டாள். அதோடு அந்தக் கதை முடிந்தது.

21 ஆம் தேதி சனிக்கிழமை. அங்கே காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலை நான்கு மணிக்கு வாக்களிப்பு முடியும். பாரிசில் அது பகல் பன்னிரண்டரை. கோசலை கடைக்கு வரும்போதே அங்கே பாதி நாள் போய்விட்டிருந்தது. ரயிலில் வரும்போது இரண்டு தடவை எடுத்தாள், மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை கடையில் நிற்க இடம் இருக்காது. பொண்டியிலிருந்தும் வில்லியே லே பெல்லிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். இராஜதுரை அண்ணை அன்று அவளை நிலவறைக்கு அனுப்பாமல் தராசில் நிற்கவிட்டார். வருகிறவர்கள் எல்லோரும் கோயில் திருவிழாவுக்கு வந்தவர்கள் போல உற்சாகமாக இருந்தார்கள். தமக்கை போட்டுவிட்டாளாம், மாமா சக்கர நாற்காலியில் போனாராம், இடது கைச் சின்னவிரலில் மை பூசி விட்டார்களாம். கோசலை கத்தரிக்காயை நிறுத்தாள், மறந்துபோய் மறுபடியும் நிறுத்தாள்.

"பிள்ளை, உன்ரை வீட்டிலை போட்டினமோ?" என்று இராஜதுரை அண்ணை கேட்டார்.

"அம்மா போவா."

"அம்மா மட்டுமோ? உன்ரை பேரும் கிடந்தால் ஆரும் போடலாமே. என்ரை பேருக்கும் ஒருத்தன் போடுறன் எண்டு சொல்லியிருக்கிறான்."

அவர் அதை வாழைக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னார். அவருக்குப் பிரெஞ்சுப் பாஸ்போட் இருக்கிறது.  கோசலை தராசில் இருந்த பையை முடிச்சுப் போட்டாள், முடிச்சு விழவில்லை, வாங்க வந்த மனிசி தானே வாங்கி முடிந்துகொண்டாள்.

சுவர் மணிக்கூட்டில் பதினொன்று. பதினொன்றரை. பன்னிரண்டு. அவள் வாசலுக்குப் போய் மறுபடியும் எடுத்தாள். இப்போது மணியே அடிக்கவில்லை. பன்னிரண்டரை ஆனபோது தனோஜன் வந்து, "மூடியாச்சு அண்ணை, பெட்டிக்குச் சீல் வைச்சிடுவாங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனான். விழுந்திருந்தால் விழுந்ததுதான். இனி யாராலும் எடுக்க முடியாது. கோசலை நிலவறைக்கு இறங்கி, வெற்றுப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றாள்.  குந்தியிருக்கப் பயமாக இருந்தது, குந்தினால் எழும்ப முடியாமல் போய்விடும் என்று நினைத்தாள்.

ஒரு மணிக்குப் பிறகு மிஸ்ட் கோல் வந்தது. கோசலை திருப்பி எடுத்தபோது மிருணாளினி பேசினாள்.

"நான் போனனான் அக்கா" என்றாள்.

"ஏன் மிருணா?"

"கேள். உன்ரை ஐசியோடை போனன். வரிசையிலை நிண்டன். எனக்கு முன்னாலை நாலு பேர். உள்ளை ஒருத்தன் இடாப்பை வைச்சு ஒவ்வொரு ஆளின்ரை பேரையும் வாசிக்கிறான். மெல்லமா இல்லை அக்கா, சத்தமா. கட்சிக்காரர் எல்லாரும் கேட்டு அடையாளம் போடினம். கதவடியிலை பொலிஸ் நிக்குது, அவனுக்கும் கேக்கும். வெளியிலை மோட்டார் சைக்கிளிலை ரெண்டு பேர் நிண்டாங்கள். ஆரெண்டு தெரியாது. சும்மா வந்தவங்களாவும் இருக்கலாம். உன்ரை பேரை அந்த இடத்திலை அப்பிடிக் கூப்பிட விட எனக்கு ஏலாமல் போச்சு. தண்ணி விடாய்க்குது எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

"போடேல்லை?"

"போடேல்லை. விரலிலை மையும் இல்லை. அம்மா என்னோடை கதைக்கிறா இல்லை. போனையும் நிப்பாட்டி வைச்சிட்டா. இப்பதான் எடுத்தனான்."

கோசலை அழுதாள். தங்கை அந்தப் பக்கத்தில், "காசு போகுது, வை" என்று சொல்லியபடியே வைக்காமல் நின்றாள்.

ஆனால் அந்த நிம்மதி அன்று பின்னேரத்தைத் தாண்டவில்லை. தங்கை போடவில்லை, சரி. வேறு யாரும் போட்டிருந்தால்? பேர் கிடக்கும் இடத்தில் யாரும் போடலாம் என்று இராஜதுரை அண்ணை சொன்னாரே. அடுத்த கிழமை, வாக்குச்சாவடியில் கட்சி சார்பில் இருந்த அயல்வீட்டுக்காரரிடம் அம்மாவைக் கொண்டு கேட்பித்தாள். அவர் தன்னுடைய தாளைப் பார்த்து, கோசலையின் பெயருக்கு நேரே அடையாளம் இல்லை என்று சொன்னாராம். அம்மா அதைக் குறைப்படுவதுபோலச் சொன்னாள்.

ஒக்டோபர் 11 காலை ஜிஸ்லேன் அன்ரி அவளை மொன்றேய்க்குக் கூட்டிப்போனார். சின்ன அறை. வளைந்த மேசைக்கு அந்தப் பக்கம் நடுவில் நரைத்த பெண் நீதிபதி, இரண்டு பக்கமும் இரண்டு பேர், ஓரத்தில் எழுதுகிறவர். எல்லோரிடமும் பேனை. மொழிபெயர்க்கத் தமிழர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். முதல் அரை மணி நேரம் கிளிநொச்சிக் கடையையும் மோட்டார் சைக்கிள்காரர்களையும் பற்றிப் போனது. அவள் தடுமாறினாள், ஆனால் நிறுத்தவில்லை. பிறகு நீதிபதி ஒரு தாளை எடுத்தார். வட்ட முத்திரையும் நீள முத்திரையும் இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தன.

"இந்தக் கடிதத்தின்படி நீங்கள் 2012 இல் அங்கே வசிக்கிறீர்கள். விளக்க முடியுமா?"

"அது அம்மா நிரப்பின போம்" என்றாள் கோசலை. "எங்கடை ஊரிலை வீட்டிலை இருக்கிறவைதான் நிரப்பிக் குடுக்கிறது. பேரை வெட்டினால் நான் செத்துப்போனன் எண்டு ஆகிடும் எண்டு அம்மாவுக்குப் பயம். விதானையார் அந்த இடாப்பைப் பாத்துக் கடிதம் எழுதினவர். நான் வாசிச்சுப் பாக்காமல் குடுத்தது என்ரை பிழை."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்தார். நீதிபதி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அந்தப் பக்கத்து மனிதர் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"சென்ற மாதம் அங்கே தேர்தல் நடந்தது. உங்கள் பெயரில் வாக்கு அளிக்கப்பட்டதா?"

"இல்லை."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சட்டத்தரணி நிமிர்ந்தார். அயல்வீட்டுக்காரரின் தாளைச் சொன்னால் போதும் என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். கோசலையும் அதைத்தான் சொல்ல இருந்தாள். ஆனால் வாய் திறந்தபோது நடந்தது முழுவதும் வந்துவிட்டது. தங்கைக்கு வோட்டு இல்லாதது, அம்மாவின் திட்டம், தான் ஒரு மாதம் கெஞ்சியது, தங்கை தன்னுடைய அடையாள அட்டையோடு வரிசையில் நின்றது, பெயர் வாசிக்கும் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தது. சொல்லிக்கொண்டு போகும்போதே ஐயோ தங்கையையும் சொல்லிவிட்டேனே என்று உள்ளே பதறியது. ஆனால் நிறுத்த முடியவில்லை. அன்று முழுவதும் அவள் தடுமாறாமல் சொன்னது அது ஒன்றுதான்.

நீதிபதி ஏதோ எழுதினார். நிறைய நேரம் எழுதினார். கோசலை அந்தப் பேனையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு, "நன்றி, போகலாம்" என்றார்கள்.

மூன்று வாரம் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இரண்டு தடவை கறிவேப்பிலையில் நல்ல இலையை எறிந்துவிட்டுப் பழுத்ததைப் பையில் போட்டாள். இராஜதுரை அண்ணை கண்டும் காணாதவர் போல விட்டுவிட்டார். கார்த்திகை தொடக்கத்தில் பதிவுத் தபால் வந்தது. அதைத் திறக்காமலே மூன்று மாடி ஏறினாள். ஜிஸ்லேன் அன்ரி கடைசிப் பக்கத்தை முதலில் வாசித்தார். வாசித்துவிட்டு, "கொடுத்துட்டாங்கம்மா" என்றார். கோசலை, "வடிவாப் பாருங்கோ அன்ரி, பேர் என்ரைதானோ?" என்று கேட்டாள். அவளுடையதுதான்.

பத்து வருட விசா கிடைத்த பிறகும் பல மாதம், தங்கையைப் பற்றித் தான் சொன்னது எங்கேயாவது போய்ச் சேர்ந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தாள். அங்கே சொன்னது அந்த அறையை விட்டு வெளியே போகாது என்று சட்டத்தரணி எழுதியே கொடுத்தார். அந்தத் தாளை அவள் இன்னும் வைத்திருக்கிறாள்.

2014 ஆனியில் விதானையார் போம் கொண்டுவந்தபோது அம்மா கோசலையின் பெயரை எழுதவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள் என்று தங்கை சொன்னாள். பழைய இடத்துப் பதிவு ஒருவழியாக நீங்கியதால், அதே போமில் மிருணாளினியின் பெயர் ஏறியது. 2015 தையில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அவள் தன்னுடைய பெயரிலேயே முதல் தடவை வோட்டுப் போட்டாள்.

வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை அந்தச் சபைக்குத் தேர்தல் நடக்கவில்லை. கோசலையின் விசா 2023 இல் இன்னொரு பத்து வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு அவள் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அவளுக்கு இப்போது எந்த நாட்டிலும் வோட்டு இல்லை.